உங்களுக்குத் தெரியுமா? கடாரத்துக் கல்லும் கவலைப்படும் மனமும்

● அன்று கடாரம் என்று அழைக்கப்பட்ட கெடா மண்ணில் கிடைத்த பழைய எழுத்துகளில் ஒன்று மனத்தைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் லோ, புக்கிட் மெரியாம் அருகே செங்கல் இடிபாட்டுக்குள் ஒரு பலகைக்கல்லைக் கண்டெடுத்தார். அதிலுள்ள சமஸ்கிருத பௌத்தச் செய்யுளின் கருத்து இது: அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறவி வருகிறது, அறிவு வந்தால் வினை சேராது. துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டால் துன்பத்தை நிறுத்தவும் வழி உண்டு என்பதே இதன் அடிப்படை. இன்றைய மனநல ஆலோசகரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்.

● அதே செய்யுள் ஒரு கப்பல் தலைவரின் கல்லிலும் இருக்கிறது. 1800இல் ஆங்கிலேயர் வசம் போகும்வரை கெடாவோடு இருந்த வடக்கு செபராங் பிறையில், 1834இல் அதையும் லோதான் கண்டார். நடுவில் ஒரு தூபி, அதன்மேல் அடுக்கடுக்காகக் குடைகள், இருமருங்கிலும் ஓரத்திலும் தென்னாட்டு எழுத்து. பெயர் புத்தகுப்தன், பட்டம் மகாநாவிகன், காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. பயணம் எல்லா வகையிலும் நன்றாக முடியவேண்டும் என்ற வேண்டுதலும் அதில் உண்டு. காற்றையும் கடலையும் நம்பிப் பிழைத்தவருக்கு இருந்த பயத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வேண்டுதலோடு சேர்த்து, துன்பம் எப்படி உண்டாகிறது என்ற விளக்கத்தையும் அவர் கல்லில் வெட்டச் சொன்னார். கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில்.

● 2023இல் கெடாவின் யான் மாவட்டத்து புக்கிட் சோராஸ் பௌத்தத் தலத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது, கிட்டத்தட்ட ஆள் உயரச் சுதைச் சிற்பங்கள் வெளிப்பட்டன. தியானத்தில் அமர்ந்த கோலம்.

● இந்தப் பௌத்த மரபின் உளவியலில் எனக்கு மிகவும் பயன்பட்டது ‘இரண்டு அம்பு’ போதனை. சம்யுத்த நிகாயம் என்ற பாலி பௌத்தத் தொகுப்பில் வருகிறது. உடலுக்கோ வாழ்க்கைக்கோ வரும் அடி முதல் அம்பு. அதை நினைத்து நினைத்து மனம் தனக்குத் தானே எய்துகொள்வது இரண்டாவது. விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை, அன்றைய கூலி போயிற்று. அது முதல் அம்பு. “என் தலையெழுத்தே இதுதான், என் பிள்ளைகளும் இப்படித்தான் சீரழியப் போகிறார்கள்” என்று இரவெல்லாம் புரண்டு படுப்பது இரண்டாவது. முதலாவதை எப்போதும் தடுக்க முடியாது. இரண்டாவதைப் பழக்கத்தால் குறைக்கலாம்.

இதைச் சொல்லித் தொழிலாளியின் வாயை அடைக்கக் கூடாது. கூலி குறைந்தால் கேட்க வேண்டியது சங்கத்தின் வழியாக முதலாளியிடம்தான். தோட்டத்தை விற்று லயத்தைக் காலி செய்யச் சொன்னால் அதற்கு மருந்து தியானம் அல்ல. ஆனால் போராடுகிறவருக்கும் ராத்திரித் தூக்கம் வேண்டுமே!

● இத்தகைய பௌத்தப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஜான் கபாட்-சின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் இன்று எட்டு வாரமாக நடக்கும் விழிப்புணர்வுப் பயிற்சியைத் தொடங்கினார். மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காத நாள்பட்ட வலிக்காரர்கள் பலர் வந்தார்கள். மதச் சடங்கு ஏதும் கிடையாது. முதல் பாடம் ஓர் உலர்ந்த திராட்சை: கையில் வைத்துப் பார்க்க வேண்டும், சுருக்கங்களை விரலால் தடவ வேண்டும், முகர வேண்டும், பிறகு மெதுவாகக் கடித்து, நாக்கில் சுவை பரவுவதைக் கவனிக்க வேண்டும். எங்கெங்கோ ஓடும் மனத்தை இந்த நொடிக்குத் திருப்பும் பழக்கம் அங்கிருந்து ஆரம்பம்.

● மனச்சோர்வு ஒருமுறை வந்தால் பலருக்குத் திரும்ப வரும் நோய். உளவியலாளர்கள் டீஸ்டேல், செகல், வில்லியம்ஸ் முதலியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ சோர்வுக்கு ஆளானவர்களை 60 வாரம் கண்காணித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. விழிப்புணர்வுப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் 37 விழுக்காடு. பயிற்சியின் உயிர்நாடி சின்ன விஷயம்: “நான் உதவாக்கரை” என்று மனம் சொல்லும்போது அதை நம்பிவிடாமல், “உதவாக்கரை என்று ஓர் எண்ணம் வந்திருக்கிறது” என்று பார்ப்பது.

● ஒரே கவலை திரும்பத் திரும்ப வந்து அரிக்கிறதா? மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி பௌத்தத் தொகுப்பின் 20ஆம் சூத்திரம் ஐந்து வழி சொல்கிறது. நல்ல எண்ணம் ஒன்றை அதன் இடத்தில் வை. அந்த எண்ணத்தால் வரும் கெடுதியைப் பார். அதைக் கவனிக்காமல் விடு. அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிப் படிப்படியாகத் தணி. எதுவும் பலிக்காவிட்டால் பல்லைக் கடித்து அடக்கு. இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வா, இவற்றில் பல இன்றைய நடத்தைச் சிகிச்சை முறைகளோடு ஒத்துப்போவதை 1985இல் எழுதிக் காட்டினார். அடக்குவது கடைசியாக வைக்கப்பட்டிருப்பது சரியான வரிசை என்பேன். ஓர் எண்ணத்தை வலிந்து தள்ளினால் அது முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் சோதனை செய்து காட்டினார். “அதை நினைக்காதே, மறந்துவிடு” என்று துக்கத்தில் இருப்பவரிடம் நாம் சொல்லும் ஆறுதல் பலிக்காததற்குக் காரணமும் இதுவே.

● இதெல்லாம் தமிழருக்கு அந்நியச் சரக்கு அல்ல. மனநிலைகளைப் பகுத்துச் சொல்லும் ‘அபிதம்மாவதாரம்’ என்ற பாலி நூலை எழுதிய புத்ததத்தர் சோழ நாட்டவர். தேரவாத அபிதம்ம மரபு மனத்தோடு எழும் கூறுகளை 52 என்று எண்ணுகிறது. கடாரத்து அரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். நெதர்லாந்தின் லெய்டனில் வைக்கப்பட்டிருந்த செப்பேடு அதற்குச் சாட்சி.

● ஓர் எச்சரிக்கை. கண்ணை மூடி உட்கார்வது எல்லாருக்கும் ஒத்துவராது. பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவருக்குப் பழைய காட்சிகள் பொங்கி வரலாம். காதில் குரல் கேட்பவர், மருந்து சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியில் இறங்க வேண்டாம். மருந்தை நிறுத்தவே வேண்டாம்.

● மலேசியாவில் தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. சுங்கை பட்டாணியோ கூலிமோ பாலிங்கோ, பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போய், “மனசு சரியில்லை” என்று சொன்னாலே போதும். சாமி கும்பிட்டுவிட்டுப் போங்கள், தாயத்து கட்டிக்கொண்டும் போங்கள், ஆனால் போய்விடுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. 24 மணி நேரமும் பேச பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929. இந்த இரண்டு எண்களையும் இன்றே உங்கள் கைத்தொலைபேசியில் பதிந்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.