இன்ஜினை மாற்றினால் நேரம் பாதியாகுமா?

சென்னையில், கொரட்டூரை ஒட்டிய பாடியில் கார்களுக்கான ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிரேக்கும் தயாராகின்றன. வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. சொந்தமாகக் கட்டிய கார்களும் அங்கே சீறின.

அப்படிக் கட்டும் காரை டிராக் (drag) பந்தயத்திலும் ஓட்டலாம். அதன் வழக்கமான தூரம் கால் மைல்: நேர்கோட்டில் 402 மீட்டர். அதற்காக இன்ஜினை மாற்றுவது ஏன்? எடைக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்பதே பெரும்பாலும் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

திறனை இரட்டித்தால் நேரம் பாதியாகுமா? ஆகாது. வேகம் ஏற ஏற, அதே திறன் தரும் உந்துவிசை குறைகிறது. கணக்குப்படி நேரம், எடையைத் திறனால் வகுத்து வருவதன் கனமூலத்தைப் பொறுத்தது. அதனால் 15 விநாடி, ஏறத்தாழ 12 விநாடியாகும்.

எப்படி மாற்றுவது? மவுண்ட்டைப் புதிதாக வெல்டிங் செய்தால் மட்டும் போதாது. கூடிய முறுக்குவிசையைக் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் ஆக்சிலும் தாங்க வேண்டும். கூடிய வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும். திறனை இரட்டித்தால், எல்லைக்கோட்டில் இயக்க ஆற்றல் சுமார் 60 சதவீதம் அதிகம். ஆகவே இன்ஜினுக்கு முன்பே பிரேக்கை மாற்றுங்கள். தெருவில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பந்தயத் தடம்தான் அதற்கு இடம்.