கதிர்வீச்சுக்குப் பிறகு ஆறாத தாடைப் புண்: செத்த எலும்பா, ஒளிந்திருக்கும் புற்றுநோயா?

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். கட்டி போய்விட்டது, சாப்பாடும் ஓரளவு பழகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்குகிறார்கள். மாதக்கணக்கில் அந்தக் குழி ஆறவில்லை. ஈறு விலகி, மஞ்சளும் பழுப்புமாக எலும்பு வெளியே தெரிகிறது. "கரண்ட் வச்ச இடம், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள்.

பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் எப்போதும் அல்ல.

எலும்பு ஏன் சாகிறது?

கதிர்வீச்சு செல்லும் வழியில் இருக்கும் நல்ல திசுக்களும் அடி வாங்குகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடும். எலும்பைப் புதுப்பிக்கும் செல்கள் குறையும். ஆக்சிஜன், செல்கள், ரத்தக்குழாய்கள் மூன்றும் குறைந்துபோன எலும்பால் காயத்தை ஆற்ற முடியாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1983இல் விளக்கினார். இந்தப் பாதிப்புக்கு 'ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ்' என்று பெயர். கீழ்த்தாடையில்தான் அதிகம் வரும். அது கெட்டியான எலும்பு, ரத்தம் பெரும்பாலும் ஒரே தமனி வழியாகத்தான் வருகிறது. 60 கிரே அளவைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது.

சிக்கல் எங்கே?

கதிர்வீச்சு பட்ட எலும்பு வெளியே தெரிந்து, சுமார் 3 மாதமாகியும் ஆறாமல் இருக்க வேண்டும். அந்த இடத்தில் புற்றுநோயும் இருக்கக் கூடாது. அப்போதுதான் அதற்கு இந்தப் பெயர். அந்த இரண்டாவது நிபந்தனையை உறுதி செய்வதுதான் கஷ்டம். வலி, சீழ், வாய் திறக்க முடியாமை, எலும்பு முறிவு எல்லாம் இரண்டிலும் வரும். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் எலும்பு அரித்துப்போனது தெரியும். அரித்தது எது என்பது பல நேரம் தெரியாது. பெட் ஸ்கேனும் கைகொடுக்காமல் போகலாம். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைத்தான் அது காட்டும். புற்றுநோயும் உறிஞ்சும், சீழ் பிடித்த புண்ணும் உறிஞ்சும்.

மிச்சம் இருப்பது பயாப்ஸி. அதிலும் தர்மசங்கடம் உண்டு. ஏற்கெனவே ஆறாத எலும்பைக் கீறினால் புண் பெரிதாகலாம் என்று மருத்துவர்கள் தயங்குவார்கள். சிறு துணுக்கு எடுத்து 'புற்று இல்லை' என்று வந்தாலும், அடுத்த மூலையில் அது இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

வெளியிலிருந்து வரும் புற்று

பழைய கட்டி திரும்புவது ஒரு வகை. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், புராஸ்டேட், தைராய்டு போன்ற இடங்களிலிருந்து ரத்தம் வழியாகத் தாடைக்கு வந்து சேருவது இன்னொரு வகை. அபூர்வம்தான், வாயில் காணப்படும் புற்றுகளில் சுமார் 1 சதவீதம். ஆனால் அது அதிகம் தங்குவதும் கீழ்த்தாடையின் பின்பக்கம், கடைவாய்ப்பல் பகுதியில்தான். கதிர்வீச்சால் எலும்பு சாகும் இடமும் ஏறக்குறைய அதேதான். குழப்பம் போதாதென்று, எலும்புக்குப் பரவிய புற்றுக்குத் தரும் சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் மருந்துகளும் தாடை எலும்பைச் சாகடிக்கக்கூடியவை.

எதைக் கவனிக்க வேண்டும்?

கீழுதடும் முகவாயும் திடீரென மரத்துப்போனால் அலட்சியம் வேண்டாம். செத்த எலும்பாலும் அது வரலாம், ஆனால் தாடைக்குப் பரவிய புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். புதிய சதை வளர்ச்சி, கழுத்தில் கட்டி, வேகமாகக் கூடும் வலி, மருந்துக்கு மசியாத புண் ஆகியவையும் அப்படியே. பல்லைப் பிடுங்கும் முன் "எனக்குக் கரண்ட் வச்சிருக்காங்க" என்று பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எந்தப் பகுதிக்கு, எவ்வளவு கிரே என்று எழுதிய சிகிச்சைச் சீட்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

செத்த எலும்பை அறுத்து எடுத்தால், எடுத்தது முழுவதும் திசுப் பரிசோதனைக்குப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். 'வெறும் செத்த எலும்பு' என்று நினைத்து அறுத்ததில் புற்று ஒளிந்திருந்தது அப்போதுதான் தெரியவந்த நோயாளிகள் உண்டு. எலும்பை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய பிறகே மெல்லிய சீவலாக வெட்ட முடியும் என்பதால், சாதாரண சதைப் பரிசோதனையைவிட ரிப்போர்ட் வரச் சில நாட்கள் கூடுதலாகும்.