இலந்தை மணமா, எறும்பு வாடையா?

பழனி வட்டாரத்துக் கீரனூர்ச் சமவெளியில் இலந்தைக்குப் பஞ்சமில்லை. சிறகில் வெள்ளிக்கோடு ஓடும் சின்ன நீலன் வகைப் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடிகளில் அதுவும் ஒன்று. அதன் புழுவைச் சுற்றி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிற்றெறும்புகள் மொய்க்கும். புழு சுரக்கும் இனிப்பு எறும்புக்கு, எறும்பின் காவல் புழுவுக்கு. அப்படியானால் தாய்ப்பூச்சி இடம் பார்ப்பது இலையை மோந்தா, எறும்பை மோந்தா?

பூச்சியின் மூக்கு அதன் உணர்கொம்பு. அது வாசனையை உணர்வதை மின்னழுத்தமாக அளக்கலாம் என்று 1957இல் பட்டுப்பூச்சியில் காட்டியவர் ஜெர்மானியர் டீட்ரிக் ஷ்னைடர். முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. கொம்பை அடியில் வெட்டி, நுனியையும் துளி சீவி, இரு முனைகளையும் உப்புநீர் நிரப்பிய கண்ணாடி நுண்குழாய்களில் செருகுகிறார்கள். உள்ளே வெள்ளிக் கம்பி. கொம்பின்மேல் ஈரக்காற்று ஓடிக்கொண்டே இருக்க, வாசனை தடவிய வடிதாள் வழியாக அதில் ஒரு சிறு ஊதல். திரையில் கோடு சட்டென்று சரிகிறது; சரிவு பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டின் பங்குதான். வெறுங்காற்றுக்கும் கோடு சற்று ஆடும், அதைக் கழிக்க வேண்டும். வெட்டிய கொம்பு போகப் போகச் சோர்ந்துவிடும் என்பதால், இடையிடையே தெரிந்த வாசனை ஒன்றை ஊதி அதன் தெம்பையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இலைவாசனை எளிது, கசக்கினாலே கிளம்பும். எறும்புதான் வம்பு. தன் கூட்டத்தை அது அடையாளம் காண்பது உடல்மேல் பூசிய மெழுகால். அது கனமான பொருள், காற்றில் லேசில் ஏறாது. சுலபமாகப் பறப்பது மிரண்ட எறும்பு விடும் அபாய வாடை. எறும்பைக் கலைத்துப் பிடித்துவிட்டு அதன் வாசனையைச் சோதிப்பவர், உண்மையில் அதன் பயத்தைத்தான் சோதிக்கிறார்.

இன்னொரு சிக்கல்: கோடு சரிந்தால் கொம்புக்குத் தெரிந்தது என்று மட்டுமே பொருள். பூச்சி அதை விரும்பியதா, வெறுத்ததா என்பதை உயிருள்ள பூச்சியைக் கூண்டில் விட்டுத்தான் அறிய முடியும்.

கேள்வியையே குழப்பிவிட்டது 2015இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று. ஆரிகனோ செடியின் வேரை எறும்பு தொந்தரவு செய்தால், செடி கார்வக்ரால் என்னும் மணப்பொருளைக் கூடுதலாக விடுகிறது. நம் கற்பூரவள்ளியின் காரமணத்திலும் முக்கியப் பங்கு இதற்கு உண்டு. அந்த மணத்துக்குத்தான் பெரிய நீலன் என்னும் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி முட்டையிட வருகிறது. எறும்பிருக்கும் சேதியைச் செடியே சொல்லிவிடுகிறது. ஆக, இலந்தையைச் சோதிக்க நினைப்பவர் இலையையும் எறும்பையும் தனித்தனியே ஊதினால் போதாது. எறும்பு ஏறிய கிளையின் காற்று, ஏறாத கிளையின் காற்று இரண்டையும் பிடித்துவர வேண்டும்.