சும்மா கிடக்கும் வித்தை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் மாலைதோறும் நடைபெறும் யோக வகுப்புகளில், குனிதலும் நிமிர்தலும் வளைதலுமான ஆசனங்களை வியர்வை சொட்டச் சிரத்தையுடன் செய்து முடிக்கும் அன்பர்களில் சிலர், ஆசிரியர் ‘இனி சவாசனம்’ என்று சொன்ன மாத்திரத்தில், பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்றோ இரவு ஷிப்ட் இருக்கிறதென்றோ பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவதைக் காணும்போது, அப்பியாசத்தின் பயன் எதுவோ அதையே கைவிட்டுப் போகிறார்களே என்று என் மனம் வருந்துகிறது. படுத்துக் கிடக்க ஒரு வகுப்பு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். படுப்பது யாருக்கும் வரும். சும்மா கிடப்பது பயின்றால்தான் வரும்.

1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த நாள் முதல், இவ்வூர்களின் வாழ்க்கை சங்கொலிக்கும் ஷிப்டுக்கும் கட்டுப்பட்டது. எட்டு மணி நேரம் லேத் முன் நின்றவருடைய தோளும் தாடையும், வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்த பின்னும் வேலையிலேயே இருக்கின்றன. கணினி முன் அமர்ந்தவருடைய கழுத்தும் அப்படியே. இதை நேரில் அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சவாசனத்தில் கிடப்பவருடைய மணிக்கட்டை ஆசிரியர் மெல்லத் தூக்கி விட்டுவிடுவார்; உண்மையிலேயே தளர்ந்த கை நனைந்த துணிபோல் தொப்பென்று விழும். பெரும்பாலோருடைய கையோ ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், அல்லது ஆசிரியருக்கு உதவுவதாக எண்ணித் தானே உயரும். கையை உடையவருக்கு அது தெரிவதே இல்லை. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், ஓய்வாக இருப்பதாக நினைப்பவருடைய தசைகளிலும் இறுக்கம் எஞ்சி நிற்பதைக் கருவிகளால் அளந்து, ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் முறையை 1929-ல் நூலாக வெளியிட்டார்.

நம் நாட்டிலோ, சுமார் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சுவாத்மாராமர் தம் ஹடயோகப் பிரதீபிகையில், பிணம்போல் மல்லாந்து கிடக்கும் இவ்வாசனம் களைப்பைப் போக்கிச் சித்தத்துக்கு விசிராந்தி தருவதென்று சுருங்கச் சொல்லிவிட்டார். சரீரம் உறங்குவதுபோல் கிடக்க, பிரக்ஞை மட்டும் விழித்திருக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். குறட்டை கேட்டால் அது சவாசனம் ஆகாது. பூவிருந்தவல்லிக்கு அடுத்த திருமழிசையில் அவதரித்த ஆழ்வார், காஞ்சியை விட்டு நீங்க நேர்ந்தபோது, திருவெஃகாவில் யோகநித்திரையில் பள்ளிகொண்ட பெருமாளை நாகப்படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உடன்வரும்படி அழைத்தார் என்றும், பெருமாள் அவ்வாறே எழுந்து பின்தொடர்ந்தார் என்றும் வழங்கும் வரலாற்றை இவ்வூரார் அனைவரும் அறிவர். அடியவன் குரல் கேட்கும் துயில் அது. முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சத்தியானந்த சரஸ்வதி சுவாமிகள், யோகநித்திரை என்னும் அப்பெயரையே தாம் வகுத்த முறைக்கு இட்டு, வலக்கைப் பெருவிரலில் தொடங்கி விரல் விரலாக, அங்கம் அங்கமாகக் கவனத்தைச் செலுத்தும்படி கற்பித்தார். பூஜையில் விரல்களைத் தொடும் கரநியாசமும் அங்கங்களைத் தொடும் அங்கநியாசமும் செய்து பழகியவர்களுக்கு இது புதியதன்று. அந்த நியாசமே இதற்கு மூலம்.

நம்மவரிடையே இவ்வித்தையை எளிய மக்களிடம் சேர்த்த பெருமை வேதாத்திரி மகரிஷிக்கு உரியது. 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உழைத்து வளர்ந்த அவர், உழைப்பாளியின் உடல் எங்கே இறுகும் என்பதைத் தம் உடம்பிலேயே கற்றிருப்பார் என்று நான் நம்புகிறேன். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியின் நிறைவுப் பகுதி ‘உடல் தளர்த்தல்’. அவர் வழிவந்த மனவளக்கலை மன்றங்களில் இன்றும் பாதம் முதல் தலை வரை ஒவ்வோர் உறுப்பாக நினைந்து தளர்த்தச் சொல்கிறார்கள்.

இவ்வாறு தளர்ந்து கிடந்து மூச்சை நீளமாக வெளிவிடும்போது இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் நரம்புகள் ஓங்குகின்றன. நாடியும் இரத்த அழுத்தமும் இறங்குகின்றன. பம்பாய் மருத்துவர் கே.கே. தாத்தேயும் அவர் குழுவினரும் இரத்தக் கொதிப்புள்ள 47 பேருக்குச் சவாசனம் பயிற்றிக் கண்ட பலனை 1969-ல் வெளியிட்டார்கள். பலருக்கு அழுத்தம் இறங்கியதோடு மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. 47 சிறிய எண்ணிக்கைதான். ஆகையால், இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடலாகாது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

செய்முறைக்கு வேண்டியவை சொற்பமே. விரிப்பில் மல்லாந்து, கால்களைச் சற்றே அகற்றி, உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்துக்கொள்ளலாம். அசையாதிருக்கையில் உடம்பு குளிருமாதலால் ஒரு போர்வை நலம். இடுப்புவலி உள்ளவர்கள் முழங்காலுக்கடியில் தலையணை வைக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணிகள் மல்லாராமல் இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடப்பதே தகும். பதினைந்து நிமிஷம் போதும். முடிந்ததும் திடீரென எழாமல், விரல்களை அசைத்து, பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி உட்கார வேண்டும். தாழ்ந்திருந்த இரத்த அழுத்தம் ஈடுகொள்ளுமுன் எழுந்தால் தலை சுற்றும்.