தேருக்குப் பிரேக், படகுக்கு ஸ்டியரிங்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. ஹைட்ராலிக் ஸ்டியரிங் வைத்த விசைப்படகுக்கோ பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை ரிவர்ஸில் போட வேண்டியதுதான். எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் தேருக்கும் படகுக்கும் உள்ளே வேலை செய்கிற சூத்திரம் ஒன்று, வருகிற நோயும் ஒன்று.

ஆடிப்பூரத்தன்று ரத வீதி முக்கில் நிற்கும்போது, வடம் பிடிக்கிற கூட்டத்தைவிடச் சக்கரத்தடியில் குனிந்து ஓடுகிறவர்களையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் சறுக்குக்கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையை உருவிக்கொள்வார்கள். சக்கரம் கட்டையின் சரிவில் ஏறி ஒரு பக்கமாக வழுக்கும், தேர் கொஞ்சம் திரும்பும். மறுபடி கட்டை, மறுபடி கொஞ்சம். ஸ்டியரிங் என்று சொல்ல அந்தத் தேருக்கு இருப்பது அவ்வளவுதான். திருவாரூர் ஆழித்தேரை முக்குத் திருப்ப இரும்புத் தகடுகளைத் தெருவில் பரப்பி எண்ணெய் பூசுவார்கள். எங்கள் தேர் மரச்சக்கரத்தில் ஓடிய காலத்தில் நிலைக்கு வந்து சேரப் பல நாள் ஆகும். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகு, காலையில் புறப்பட்டால் அன்றைக்கே வந்துவிடுகிறது. நிறுத்த முடியும் என்ற தைரியம் இருந்தால்தானே வேகமாக இழுக்க முடியும்!

அந்தச் சூத்திரத்தை எழுதிவைத்தவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். அவர் இறந்த மறு வருடம், 1663-ல், அது அச்சில் வந்தது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும். இரண்டு சதுர சென்டிமீட்டர் பிஸ்டனைப் பத்து கிலோ எடையால் அழுத்துங்கள். குழாயின் மறுமுனையில் நாற்பது சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் இருந்தால் அது இருநூறு கிலோவைத் தூக்கும். இதற்கு விலையும் உண்டு. சின்னது இருபது சென்டிமீட்டர் நகர்ந்தால் பெரியது ஒரு சென்டிமீட்டர்தான் நகரும்.

படகில் இதையே திருப்புவதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறு பம்ப். சக்கரத்தை இடப்பக்கம் சுற்றினால் எண்ணெய் ஒரு குழாயில் போய்ச் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் சுக்கானைத் தள்ளும். வலப்பக்கம் சுற்றினால் இன்னொரு குழாய். சங்கிலியும் கம்பிவடமும் வைத்த பழைய படகில், சுக்கானில் அலை மோதினால் சக்கரம் கையை முறுக்கிவிடும். இங்கே பம்ப்பிலேயே ஒருவழி வால்வு இருக்கிறது. கை சொன்னது சுக்கானுக்குப் போகும். சுக்கான் பட்ட அடி கைக்கு வராது.

பாஸ்கல் சொன்னதை இயந்திரமாக்க நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆனதற்குக் காரணம் கசிவு. லண்டனில் பூட்டு செய்துகொண்டிருந்த ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பிஸ்டன் ஓரத்தில் தண்ணீர் பீறிட்டது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை, தளர்த்தினால் ஒழுகியது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே ஒரு தோல் வளையத்தைக் கிண்ணம் போல மடித்து, வாய் அழுத்தம் வருகிற பக்கம் பார்க்கும்படி வைத்தார் என்பார்கள். உள்ளே புகுந்த தண்ணீர் கிண்ணத்தின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்ட வைக்கும். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு இறுக்கம். வெளியேறப் பார்க்கிற தண்ணீரே தன் வழியை அடைத்துக்கொள்கிறது! இராஜபாளையம் மில்களுக்கு லாரியில் வந்து இறங்குகிற 170 கிலோ பருத்திப் பொதியைப் பாருங்கள். அத்தனை பஞ்சும் அந்த அளவுக்குள் அடங்கியது ஹைட்ராலிக் பிரஸ் வேலை. தோல் போய் ரப்பர் வந்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. கார் பிரேக்கின் வாஷர் கிட்டைப் பிரித்தால் அதே கிண்ணம் உள்ளங்கையில் விழும்.

சரி, நோய்க்கு வருவோம். அதன் பெயர் காற்று. தண்ணீரை நூறு மடங்கு காற்றழுத்தத்தில் நசுக்கினாலும் அது அரை சதவீதம்கூடச் சுருங்காது. எண்ணெயும் கொஞ்சம்தான் கூடச் சுருங்கும். காற்றோ நூறில் ஒரு பங்காகச் சுருண்டுவிடும். குழாயில் ஒரு குமிழி இருந்தால் நம் கைவலு முதலில் அதை நசுக்கத்தான் போகும். பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குவதும், படகில் இரண்டு சுற்று சுற்றியும் சுக்கான் அசையாமல் இருப்பதும் இதனால்தான்.

இதற்கு வைத்தியம் எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரியும்: ஏர் எடுப்பது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் தளர்த்துவார். ‘புடி... விடாதே... ம், இப்ப விடு.’ பாட்டிலுக்குள் விட்ட, கண்ணாடி போலத் தெரியும் குழாயில் குமிழி குமிழியாக எண்ணெய் வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் பெடலை விட வேண்டும், இல்லையென்றால் போன காற்றை நாமே திரும்ப இழுத்துக்கொள்வோம். படகில் பெடலுக்குப் பதில் சக்கரம். மேலே பம்ப்பில் எண்ணெய் குறையவிடாமல் ஊற்றிக்கொண்டே ஒரு பக்கம் மெதுவாகச் சுற்ற வேண்டும். அந்தப் பக்கத்து நிப்பிளில் குமிழி நின்றதும் மறுபக்கம். அவசரப்பட்டால் எண்ணெய் நுரைத்துப்போகும், பிறகு அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

என் பழைய காரில் பிரேக் ஆயில் டப்பாவில் யாரோ எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் பிரேக் பிடித்தால் விடவில்லை. மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். ஊறிய அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை, கிளைக்கால் வகை. அதற்கென்று செய்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் உப்பும். படகு ஸ்டியரிங்கின் ரப்பருக்கு இது தலைகீழ். அதில் பிரேக் ஆயிலை ஊற்றினால் அது கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பே 140. கொதித்தால் வருவதும் குமிழிதான்.

கடலில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. சிலிண்டரிலிருந்து வெளியே வந்து போகிற குரோம் தண்டில் உப்பு காய்ந்து துரு ஒரு கடுகளவு குழி பறித்தால் போதும். தண்டு ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அந்தக் குழியின் விளிம்பு ரப்பர் உதட்டைச் சீவும். முதலில் தண்டில் ஈரம் மாதிரி ஒரு பளபளப்பு, பிறகு ஒரு சொட்டு. சொட்டு வெளியே போன இடத்தில் காற்று உள்ளே வரும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் தண்டைக் கழுவித் துடைக்கிற ஐந்து நிமிட வேலை இதைத் தடுக்கும்.

ஓடாமல் கிடப்பதும் ரப்பருக்கு ஆகாது. ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்த உதடு திடீரென்று நகரும்போது கிழியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது கரையேற்றிய படகில் நடுநடுவே ஏறிச் சக்கரத்தை இரண்டு பக்கமும் முட்டச் சுற்றிவிட்டு வந்தால் நல்லது. தேர் வருடம் முழுக்க நிலையில் நின்றுவிட்டு ஒரு நாள் ஓடுவது. அதனால்தான் திருவிழாவுக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுத் தேரை முதலில் இழுத்துப் பார்ப்பதற்கும் புதுக் கப்பலை முதலில் கடலில் விடுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான், வெள்ளோட்டம். ஏர் எடுத்த படகுக்கும் சின்னதாக ஒன்று வேண்டும். துறையில் கட்டியபடியே சக்கரத்தை இந்த முட்டிலிருந்து அந்த முட்டுவரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி முட்டில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சக்கரம் நின்றால் சரி. மெதுவாக நழுவிக்கொண்டே போனால் உள்ளே ஏதோ ஒரு கிண்ணம் தேய்ந்திருக்கிறது, பஞ்சு மாதிரி அமுங்கினால் ஒரு குமிழி இன்னும் ஒளிந்திருக்கிறது. எதுவானாலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.