மூடிய கைகள் திறக்கட்டும்

நேற்றுவரை கலகலப்பாகப் பேசித் திரிந்த மகன் இன்று அறைக் கதவைத் தாழிட்டுக் கொள்கிறான். என்னவென்று கேட்டால் சீறி விழுகிறான். “திமிர் பிடித்துவிட்டது” என்று நாம் தீர்ப்பளித்து விடுகிறோம். ஆனால் விடலைப் பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் கண்ணீராக வெளிப்படுவதில்லை. எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படுவதுண்டு என்பது மனநல மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. அழுகிற ஆணை நம்பாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்டவன் தன் துயரத்தை வேறெப்படிக் காட்டுவான்?

அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளில் இதற்கென ஒரு முயற்சி 2001-இல் தொடங்கிற்று. ‘பிகமிங் எ மேன்’, அதாவது ‘ஆண்மகனாக வளர்தல்’ என்பது அதன் பெயர். தொடங்கியவர் ‘யூத் கைடன்ஸ்’ தொண்டு நிறுவனத்தின் அந்தோனி டிவிட்டோரியோ. வாரம் ஒருமுறை, பள்ளி நேரத்திலேயே, சிறு குழுவாக மாணவர்கள் வட்டமாய் அமர்கின்றனர். உடலாலும் உள்ளத்தாலும் அறிவாலும் ஆன்மாவாலும் தாம் அன்று எந்நிலையில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் சொல்கின்றனர். வழிநடத்தும் ஆலோசகரும் தம் நிலையை மறைப்பதில்லை.

அங்கே ஒரு பயிற்சி உண்டு. இருவருள் ஒருவன் கையில் ஒரு பந்து. அதை முப்பது விநாடிக்குள் பெற வேண்டும் என்று மற்றவனுக்குச் சொல்லப்படுகிறது. ஏறக்குறைய எல்லாரும் மல்லுக்கட்டி விரல்களைப் பிரிக்கவே முயல்கின்றனர். “கொடு என்று ஏன் கேட்கவில்லை?” என்று ஆலோசகர் வினவுகிறார். கேட்டிருந்தால் தந்திருப்போம் என்றே பந்து வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சொல்கின்றனர். முதலில் எழும் எண்ணமே முடிவல்ல என்பதை மாணவன் தானே உணர்கிறான்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-10-இலும் 2013-15-இலும் இத்திட்டத்தை ஆராய்ந்தனர். திட்டம் நடந்த காலத்தில், வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. ஆயினும் முதல் ஆய்வில், திட்டம் முடிந்தபின் அக்குறைவு நீடிக்கவில்லை. செவிமடுப்பவர் இல்லையேல் பழைய சினம் திரும்பிவிடும் போலும்!

பெற்றோரே, நம் வீட்டிலும் அப்படியொரு வட்டம் வேண்டாமா? “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று அதட்டுமுன், “உன் மனம் எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். நம் சோர்வையும் மறைக்காமல் சொல்வோம். உறக்கமும் உணவும் பல நாள் குறைந்தாலோ, சாவைப்பற்றி அவன் பேசினாலோ, வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மூடிய கையைப் பிரிக்கப் பலம் வேண்டியதில்லை. அன்பாய்க் கேட்டாலே அது திறக்கக்கூடும்.