உள்ளே துரு, வெளியே மெருகு

நம்மிடம் 1967-ஆம் வருஷத்து அம்பாஸடர் வண்டி ஒன்று உண்டு. தகப்பனார் வாங்கியது, அவர் காலத்துக்குப் பின் நம்மிடம் வந்து சேர்ந்தது. சில வருஷங்களுக்கு முன் அதற்குப் புது வர்ணம் பூசுவித்தோம். பட்டறையிலிருந்து வெளிவந்த அன்று, அதன் பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று தெருவே மெச்சிற்று. மூன்று மாதம் சென்றது. நாகப்பட்டினத்துக்குப் போகும் சாலையில் ஒரு நாள் டயர் பஞ்சராயிற்று. கதவுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்துத் திருகினோம். வண்டி உயரவில்லை, ஜாக்கிதான் உயர்ந்தது! அப்பளம் நொறுங்குவது போன்ற சப்தத்துடன் அது அடித்தகட்டுக்குள் புகுந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தால் ஒரு பிடி செந்தூள். குழந்தைகள் காலை வைத்து உட்காரும் இடம் அது.

வர்ணம் துருவுக்கு மருந்தன்று, திரையே என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

துரு என்பதுதான் யாது? இரும்பு, சுரங்கத்தில் பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. உலையில் இட்டு அவ்விரண்டையும் நாம் பலவந்தமாகப் பிரிக்கிறோம். நீரும் காற்றும் சேர்ந்திருக்கக் கண்டால் இரும்பு தன் பழைய உறவை நாடிப் போய்விடுகிறது. நீரில் உப்பும் கலந்துவிட்டால் இந்த வேலை இன்னும் துரிதமாக நடைபெறும். கடற்கரை ஊர்களில் வண்டிகள் சீக்கிரம் மூப்படைவது இதனாலேயே. துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் வர்ணத்தின்மேல் சிறு கொப்புளம் ஒன்று தென்படுமாயின், அடியில் நோய் முற்றியிருக்கிறதென்று கொள்ளலாம்.

அம்பாஸடர் விஷயத்தில் இது அழகைப் பற்றிய கவலை மட்டுமன்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மாதிரியாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இதைச் செய்துவந்தது. லாரிக்கு உள்ளதுபோல் இதற்குக் கீழே தனிச் சட்டம் கிடையாது. உடம்பே எலும்பாக நின்று பாரம் தாங்குகிறது. தரைத்தகடும் ரன்னிங் போர்டும் துருப்பிடித்தால், முதுகெலும்பு உளுத்ததாகவே அர்த்தம். அடியில் செல்லும் பிரேக் குழாய்களும் இரும்பே என்பதை மறத்தலாகாது.

பரீட்சை செய்வது சுலபம். மிதியடிகளைத் தூக்கிவிட்டு, திருப்புளியின் கைப்பிடியால் தகட்டைத் தட்டுக. நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது 'பொத்'தென்னும். காந்தம் ஒட்டாத இடத்தில் வர்ணத்துக்கடியில் பட்டி கனமாக இருக்கிறதென்று அறிக. கதவுகளின் அடிவிளிம்பு, மட்கார்டின் உட்புறம், டிக்கியின் தரை, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் ஆகிய இவை நீர் தங்கும் இடங்கள். கதவின் அடியில் நீர் வடிவதற்கென்றே சிறு துவாரங்கள் உண்டு. அவற்றில் மண் அடைத்துக்கொண்டால் கதவு குடமாகிவிடுகிறது.

சிகிச்சை இரு வகைப்படும். துரு மேலோடு நின்றிருந்தால், கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வெள்ளைத் தகடு தெரியச் செய்ய வேண்டும். குழிகளில் எஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்தைக் கையுறை அணிந்து தடவினால், அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். அது உலர்ந்தபின் தாமதியாமல் பிரைமர் பூசுக.

டில்லியில் குதுப் மினாருக்கு அருகில் நிற்கும் இரும்புத் தூணை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1,600 வருஷங்களாக அது வெயிலிலும் மழையிலும் நின்றும் உருக்குலையவில்லை. அதன் இரும்பிலுள்ள பாஸ்பரஸின் உதவியால் மேலே மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து கூறினார். அன்றைய கொல்லர் உலையிலேயே சேர்ந்துவிட்ட பொருளை, நாம் குப்பியில் வாங்கித் தடவிக்கொள்கிறோம்!

தகடு ஓட்டையாகிவிட்டதோ, மருந்துக்கு வேலையில்லை. நல்ல தகடு வரும்வரை வெட்டியெறிந்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் பாட்டரியைக் கழற்றுவதும், பெட்ரோலையும் ஆசனங்களையும் அப்புறப்படுத்துவதும் அவசியம். வெல்டிங் சூட்டில் உட்புறத்து வர்ணம் கருகிப்போகும். அங்கும் மெழுகு கலந்த காப்பு எண்ணெயைச் செலுத்தாவிடில் துரு அங்கேயே மறுபிறவி எடுக்கும். ஓட்டையைப் பட்டியால் அடைத்து மெருகிடுவது, நமக்கு நேர்ந்ததுபோல், வஞ்சனையே ஆகும். துருவின்மேல் கருந்தார் பூசுவதும் ஈரத்தை உள்ளே சிறைவைப்பதேயாம்.

வருமுன் காப்பதற்கோ செலவு சொற்பம். கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுக. ஈர வண்டியைத் தார்ப்பாயால் போர்த்தாமல் காற்றாட விடுக. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை துவாரங்களைக் குத்தி, உட்பொந்துகளில் காப்பு எண்ணெய் செலுத்துக. பிரேக்கின்மேல் மட்டும் அது படலாகாது.

அம்பாஸடரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. இனி இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி. வேறொரு பட்டறையில் நம் வண்டியின் அடித்தகட்டைப் பாதிக்குமேல் வெட்டி மாற்றினார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் வர்ணம் சற்றே பேதமாகத் தெரிகிறது. தெருவில் யாரும் இப்போது மெச்சுவதில்லை. ஆனால் ஜாக்கியைக் கொடுத்துத் திருகினால், வண்டி உயருகிறது.